நாற்பத்தெட்டு மணி நேரம் போகட்டும்

போன இதழில் வென்டிலேட்டர் பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்து எழுதியவை மாதிரி இருக்கின்றன. எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன: பிழைப்பாரா மாட்டாரா என்பதை டாக்டர்கள் எதை வைத்துச் சொல்கிறார்கள்? அதனால் சர்க்கரை, மூட்டுவலி எல்லாம் இந்த முறை ஓரமாக இருக்கட்டும். இருபது வருடத்துக்கு மேல் ஐ.சி.யூ.விலேயே குப்பை கொட்டியவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

சினிமாவில் கதாநாயகன் அடிபட்டுக் கிடக்கும்போது டாக்டர் வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றி, ‘நாற்பத்தெட்டு மணி நேரம் போனால்தான் எதையும் சொல்ல முடியும்’ என்கிறாரே, அதற்கு ஏதாவது அடிப்படை உண்டா, இல்லை வசனகர்த்தா கண்டுபிடித்ததா?
வாசகர், மதுரை

வசனகர்த்தாவுக்குத் தெரிந்து எழுதினாரோ இல்லையோ, விஷயம் கிட்டத்தட்ட சரி!

ஐ.சி.யூ.வில் நாங்கள் தினமும் போடும் ஒரு கணக்குக்கு சோஃபா என்று பெயர். உட்காரும் சோஃபா இல்லை, ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள். 1994இல் பாரிஸில் ஐரோப்பிய தீவிர சிகிச்சை மருத்துவர்கள் கூடிப் பேசி உருவாக்கியது, 1996இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜான் லூயி வின்சென்டும் சகாக்களும் வெளியிட்டார்கள். நுரையீரல், ரத்தம் உறைதல், கல்லீரல், ரத்த அழுத்தம், மூளை, சிறுநீரகம் என ஆறு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 24. பள்ளிக்கூட மார்க் மாதிரி இல்லை, இங்கே ஏற ஏறத்தான் கெடுதல். பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்தால் 0, ஐம்பதாயிரத்துக்குக் கீழே போனால் 3, இருபதாயிரத்துக்குக் கீழே 4, இப்படிப் போகும்.

இதை உருவாக்கியவர்கள், ‘யார் சாவார்கள் என்று கணிக்க இல்லை, உறுப்புகள் எப்படிப் படிப்படியாகக் கெடுகின்றன என்று விவரிக்கத்தான்’ என்று அப்போதே தெளிவாகச் சொன்னார்கள். ஆனால் ஒரு எண் கைக்குக் கிடைத்தால் மனிதன் சும்மா இருப்பானா? 2001இல் பிரஸ்ஸல்ஸில் 352 நோயாளிகளுக்கு இந்த ஸ்கோரைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். முதல் நாள் ஸ்கோர் எவ்வளவு என்பதைவிட, அடுத்து அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பது நிறையச் சொன்னது. முதல் 48 மணி நேரத்தில் ஸ்கோர் இறங்கியவர்களில், ஆரம்பத்திலேயே 11க்கு மேல் இருந்த ரொம்ப மோசமானவர்களைத் தவிர்த்துவிட்டுப் பார்த்தால், இறந்தவர்கள் 6 சதவீதத்துக்கும் குறைவு. அதே மாதிரி 8 முதல் 11 வரை ஸ்கோரோடு வந்து, அது இறங்காமல் நின்றவர்களிலும் ஏறியவர்களிலும் 60 சதவீதம் பேர் இறந்தார்கள். ஆக, இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்வது எப்போதும் மழுப்பல் இல்லை. (சில சமயம் மழுப்பல்தான், அதையும் ஒத்துக்கொள்கிறேன். வெளியே முப்பது பேர் நிற்கும்போது அந்த வசனம் ரொம்பக் கைகொடுக்கும்.)

ஒரு முணுமுணுப்பும் எனக்கு உண்டு. ஐரோப்பாவில் உட்கார்ந்து பிளேட்லெட்டுக்கு மார்க் போட்டவர்கள் நம் ஊர் டெங்கு வார்டை நினைத்திருக்க மாட்டார்கள். நாற்பதாயிரம் பிளேட்லெட்டோடு கட்டிலில் சம்மணம் போட்டு இட்லி சாப்பிடும் டெங்குப் பையனுக்கும் 3, ரத்தத்தில் கிருமி பரவி மயங்கிக் கிடக்கும் பெரியவருக்கும் 3. அந்த இரண்டு மூன்றும் ஒன்றா?

என் அப்பாவுக்கு 68 வயது. நிமோனியாவோடு ஐ.சி.யூ.வில் சேர்த்தபோது, ‘அப்பாச்சி ஸ்கோர் 27, பாதிக்கு மேல் ரிஸ்க், எதற்கும் தயாராக இருங்கள்’ என்றார் டாக்டர். அத்தையெல்லாம் ஊரிலிருந்து அழுதுகொண்டே வந்துவிட்டார்கள். பதினேழாம் நாள் அப்பா நடந்து வீட்டுக்கு வந்தார். டாக்டர் எங்களைச் சும்மா பயமுறுத்தினாரா?
வாசகர், தேனி

முதலில் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

யாழ்ப்பாணத்தில் அப்பாச்சி என்றால் அப்பாவைப் பெற்ற பாட்டி. ஐ.சி.யூ. அப்பாச்சி அமெரிக்காவில் பிறந்தது. வாஷிங்டனில் வில்லியம் நாஸ் என்ற டாக்டரின் குழு 1981இல் முதல் வடிவத்தைக் கொண்டுவந்தது, 1985இல் அதைச் சுருக்கி அப்பாச்சி-2 ஆக்கியது. காய்ச்சல், நாடித்துடிப்பு, மூச்சு எண்ணிக்கை, ரத்த அழுத்தம், சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் என்று 12 அளவுகள், கூடவே வயது, ஏற்கெனவே இருக்கும் தீராத நோய்கள். ஐ.சி.யூ.வுக்கு வந்த முதல் 24 மணி நேரத்தில் ஒவ்வொன்றிலும் எது ரொம்ப மோசமோ அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்பாவின் வயதுக்கு மட்டுமே 5 போயிருக்கும், அவர் ஒரு தப்பும் செய்யாமலே. அதிகபட்சம் 71.

அந்த ஸ்கோரை அவர்கள் சரிபார்த்தது 13 மருத்துவமனைகளில் சேர்ந்த 5,815 பேரை வைத்து. அதில் ஆபரேஷன் இல்லாமல் வந்து 25 முதல் 29 வரை ஸ்கோர் எடுத்தவர்களில் சுமார் 55 சதவீதம் பேர் இறந்துபோனார்கள். உங்கள் டாக்டர் சொன்ன ‘பாதிக்கு மேல்’ அங்கிருந்துதான் வருகிறது. அப்படியென்றால் நூறில் நாற்பத்தைந்து பேர் பிழைத்தார்கள் என்றும்தானே அர்த்தம்? அப்பா அந்த நாற்பத்தைந்தில் ஒருவர். டாக்டர் சொன்ன எண்ணும் பொய் இல்லை, அப்பா நடந்து வந்ததும் அதிசயம் இல்லை. சொன்ன விதம்தான் சரியில்லை என்பேன். நூறு பேருக்கான கணக்கை ஒருவர் நெற்றியில் ஒட்டிவிட்டு ‘தயாராக இருங்கள்’ என்றால், கேட்கிறவர்கள் காதில் அது தீர்ப்பாகத்தானே விழும்?

இன்னொன்று, அந்த 5,815 பேரும் 1979 முதல் 1982 வரை அமெரிக்காவில் படுத்திருந்தவர்கள். அப்போதிருந்த வென்டிலேட்டரை இன்று மியூசியத்தில் வைக்கலாம். சிகிச்சை முன்னேற முன்னேற, அந்தப் பழைய சூத்திரம் இருப்பதைவிட அதிகச் சாவைக் காட்ட ஆரம்பிக்கும். அதனால்தான் 1991இல் அப்பாச்சி-3, 2006இல் ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களை வைத்து அப்பாச்சி-4 என்று புதுப்பித்தார்கள். நாங்கள் இன்னும் அப்பாச்சி-2ஐயே கட்டிக்கொண்டு அழுகிறோம். அது ஒரு பக்கத் தாளில் அடங்கும், இலவசம், பட்டமேற்படிப்பு ஆய்வு எழுதுகிற பிள்ளைகளுக்கு அதுதான் பழக்கம். அப்பாச்சி போட தமனியிலிருந்து ரத்தம் எடுத்து வாயு அளவு பார்க்க வேண்டும், அந்த மெஷின் நம் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிகள் பலவற்றில் கிடையாது. இதை யோசித்துத்தான் கொழும்பை மையமாகக் கொண்ட ஒரு குழு, இலங்கை, இந்தியா, நேபாளம், வங்கதேச ஐ.சி.யூ.க்களின் விவரங்களைச் சேர்த்து, கையில் இருக்கிற சில எளிய அளவுகளை மட்டும் வைத்து டிராபிக்ஸ் என்றொரு ஸ்கோரை 2017இல் வெளியிட்டது. இப்படி நம் பக்கத்து நோயாளிகளை வைத்துச் செய்த வேலை இன்னும் நிறைய வர வேண்டும்.

மாமனாருக்கு விபத்தில் தலையில் அடி. ‘ஜி.சி.எஸ். 3’ என்றார்கள். 15க்கு 3 என்றால் கொஞ்சமாவது மூளை வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம் என்று வீட்டில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம்...
வாசகி, கடலூர்

இந்தத் தவறான புரிதல் உங்கள் வீட்டில் மட்டும் இல்லை அம்மா, எத்தனையோ குடும்பங்களில் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் சங்கடமாக இருக்கும். ஜி.சி.எஸ். என்பது ஒருவர் எவ்வளவு நினைவோடு இருக்கிறார் என்று பார்க்கும் கணக்கு, அதில் 3தான் பூஜ்யம். கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கைகால் அசைவுக்கு 6. எதிலும் ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க் போட்டாக வேண்டும், ஆக 3. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னெட் என்ற இருவர் 1974இல் கொண்டுவந்தது. டார்ச், பேனா, குரல் இருந்தால் போதும், எந்தக் கிராமத்து ஆஸ்பத்திரியிலும் பார்க்கலாம் என்பதால்தான் உலகம் முழுக்கப் பரவியது.

ஆனால் அது பார்க்கிறவர் கையைப் பொறுத்தது. நான் படித்துக்கொண்டிருந்த காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன், எந்த ஆஸ்பத்திரி என்று வேண்டாம். எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி, மூளையில் ரத்தக்கசிவு, இரண்டாம் நாள். நான் கட்டில் பக்கத்தில் நின்று ‘பாட்டி, கையைத் தூக்குங்க, நாக்கை நீட்டுங்க’ என்று கத்துகிறேன், ஒன்றும் இல்லை. நகத்தின் மேல் பேனாவை வைத்து அழுத்தினால் மட்டும் கையை உதறுகிறார். 8 என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் மகள் வந்தார். மஞ்சள் பையைத் துழாவி ஒரு சின்ன டப்பாவை எடுத்து, அதிலிருந்த காது மெஷினைப் பாட்டிக்கு மாட்டிவிட்டு, ‘அம்மோவ், நாந்தேன்’ என்றார். பாட்டி கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தார். கையைத் தூக்கச் சொன்னதும் தூக்கினார். ஆம்புலன்ஸிலிருந்து இறக்கும்போது மெஷினைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டிருக்கிறார்கள், உள்ளே யாருக்கும் தெரியாது. நான் எழுதிய 8ஐ வைத்து மேலே எத்தனை கணக்கு போட்டிருந்தார்களோ! ஜி.சி.எஸ். அப்பாச்சிக்குள்ளும் போகும், சோஃபாவுக்குள்ளும் போகும்.

அதோடு, தூக்க மருந்து ஓடும்போது பார்த்த ஜி.சி.எஸ். என்பது மருந்தின் ஜி.சி.எஸ்.தான். வாயில் குழாய் போட்டவருக்குப் பேச்சு மார்க்கே போட முடியாது. உங்கள் மாமனாருக்கு எந்த நேரத்தில், என்ன மருந்து ஓடும்போது பார்த்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அண்ணனுக்கு இதயம் நின்றுபோய் மறுபடி துடிக்க வைத்தார்கள். மூளை எப்படி இருக்கிறது என்று கேட்டால் மூன்று நாள் ஆகட்டும் என்கிறார்கள். பில் ஏற்றுவதற்கா?
வாசகர், ஓசூர்

இல்லை. இதயம் நின்று திரும்பியவர்களுக்குக் குறைந்தது 72 மணி நேரம் கழித்துத்தான் மூளையின் எதிர்காலம் பற்றி முடிவுக்கு வர வேண்டும் என்பது ஐரோப்பிய வழிகாட்டு நெறி. அப்போதும் ஒரே சோதனையை நம்பக் கூடாது. கண் பாப்பா வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, மூளையின் மின் அலைகளைக் காட்டும் இ.இ.ஜி. எப்படி, ஸ்கேன் என்ன காட்டுகிறது, கையில் கொடுக்கும் மின்துடிப்பு மூளைக்குப் போய்ச் சேருகிறதா என்று ஒன்றுக்கு மேற்பட்டவை ஒரே திசையைக் காட்ட வேண்டும். பில்லைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் பில்லைப் பற்றியே தனியாகக் கேளுங்கள், அதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

‘இனி ஒன்றும் இல்லை, வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுங்கள்’ என்றார்கள். கையெழுத்துப் போட்டுக் கூட்டி வந்தோம். இரண்டு மணி நேரத்தில் அம்மா போய்விட்டார். வைத்திருந்தால் பிழைத்திருப்பாரோ என்று ஐந்து மாதமாகத் தூக்கம் இல்லை.
வாசகர், விருதுநகர்

தம்பி, உங்கள் அம்மாவின் கேஸ் ஷீட்டைப் பார்க்காமல் நான் எது சொன்னாலும் பொய்யாகிவிடும். சிகிச்சை பார்த்த டாக்டரிடம் நேரம் கேட்டுப் போய் உட்காருங்கள், ஐந்து மாதம் கழித்துப் போகிறோமே என்று தயங்க வேண்டாம். நீங்கள் கையெழுத்துப் போட்டதால் அம்மா இறந்தார் என்று மட்டும் நினைக்காதீர்கள், அந்தக் காகிதத்தை நீட்டியது நீங்கள் இல்லை.

உங்கள் கேள்விக்குள் ஒரு பெரிய ஆராய்ச்சிச் சிக்கல் இருக்கிறது. ‘பிழைக்க மாட்டார்’ என்று ஒரு டாக்டர் நினைக்கிறார், சிகிச்சை குறைகிறது, நோயாளி இறக்கிறார், ‘பார்த்தாயா, சொன்னேனே’ என்றாகிவிடுகிறது. கணிப்பே தன்னை நிறைவேற்றிக்கொள்கிறது. மூளை ரத்தக்கசிவு நோயாளிகள் பற்றி 2001இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதைத்தான் சுட்டிக்காட்டியது: சாவைக் கணிக்கும் காரணங்களிலேயே மிக வலுவானது, உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்த எடுத்த முடிவுதான். அந்தச் சாவுகளையும் உள்ளே வைத்துச் சூத்திரம் எழுதினால், அடுத்து வருகிறவருக்கும் அதே தீர்ப்பு வரும்.

நம் ஊரில் இது இன்னொரு விதமாகவும் கணக்கைக் குழப்புகிறது. கையால் மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை அமுக்கிக்கொண்டே ஆம்புலன்ஸில் ஊருக்குக் கொண்டுபோகிறவர், ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரில் உயிரோடு டிஸ்சார்ஜ். இந்திய தீவிர சிகிச்சை மருத்துவர்கள் 2010-11இல் 124 ஐ.சி.யூ.க்களில் 4,209 நோயாளிகளைக் கணக்கெடுத்தார்கள், நம் நாட்டில் அதுவரை அப்படி ஒரு பெரிய முயற்சி இல்லை. அந்த மாதிரி ஆய்வுகளில் எல்லாம், பணம் தீர்ந்தோ நம்பிக்கை தீர்ந்தோ வெளியேறியவர்களை எந்தக் கட்டத்தில் போடுவது என்பது தீராத தலைவலி.

சட்டம் என்ன சொல்கிறது என்று இன்னும் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள், இதோடே சொல்லிவிடுகிறேன். உயிர்காக்கும் கருவிகள் எனக்கு வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என 2018 மார்ச் 9இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் கையெழுத்து. நிறுத்துவதென்றால் முதலில் ஒரு மருத்துவக் குழு, அதற்கு மேல் இன்னொரு குழு, ஒவ்வொன்றும் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். (பாருங்கள், மறுபடி 48!) ஆக, ஆஸ்பத்திரிக்குள்ளேயே வலியில்லாமல் கௌரவமாக விடைகொடுக்க வழி இருக்கிறது. கையெழுத்து வாங்கி வெளியே அனுப்புவதை அதற்கு மாற்றாக நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

எந்த ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.வில் சாவு குறைவு என்று பட்டியல் போட்டுத் தர முடியுமா?
வாசகர், சேலம்

முடியாது, போட்டாலும் நம்பாதீர்கள். பல்வலிக்காரரையெல்லாம் ஐ.சி.யூ.வில் படுக்கவைக்கும் இடத்தில் சாவு குறைவாகத்தான் இருக்கும். நாலு ஆஸ்பத்திரி கைவிட்டவர்கள் வந்து சேரும் அரசு மருத்துவமனையில் அதிகமாகத்தான் இருக்கும். நியாயமான ஒப்பீடு வேண்டுமென்றால், வந்தவர்களின் ஸ்கோரை வைத்து எத்தனை பேர் இறப்பார்கள் என்று எதிர்பார்க்கலாமோ, அதோடு உண்மையில் இறந்தவர்களை வகுத்துப் பார்க்க வேண்டும். 20 எதிர்பார்த்து 16 என்றால் 0.8, நல்லது. அப்பாச்சி மாதிரி ஸ்கோர்களின் உண்மையான உபயோகம் இந்த மாதிரிக் கூட்டுக் கணக்குக்குத்தான்.

நான் ஐ.டி.யில் இருக்கிறேன். இவ்வளவு டேட்டா இருக்கும்போது ஏ.ஐ. இதை டாக்டரைவிடத் துல்லியமாகச் சொல்லிவிடாதா?
வாசகர், கோவை

டேட்டா இருக்கிறது, உண்மைதான். பாஸ்டன் நகர ஆஸ்பத்திரி ஒன்றின் ஐ.சி.யூ. பதிவுகளை, 2001 முதல் 2012 வரை நாற்பதாயிரம் பேருக்கு மேல், பெயர் அடையாளம் எல்லாம் நீக்கி எம்.ஐ.டி.க்காரர்கள் ஆராய்ச்சியாளர்களுக்கு இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். மிமிக் என்று பெயர், நீங்களே பயிற்சி முடித்துப் பதிவு செய்து வாங்கலாம். அதைத் தின்று வளர்ந்த மாடல்கள் ஏராளம். ஆனால் பாஸ்டனில் கற்ற பாடம் பழனியில் செல்லுமா என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவிலேயே செல்லவில்லை என்பதற்கு ஒரு உதாரணம். எபிக் என்ற நிறுவனத்தின் மென்பொருள் அங்கே நூற்றுக்கணக்கான ஆஸ்பத்திரிகளில் ஓடுகிறது. செப்சிஸ், அதாவது கிருமித் தொற்றால் உறுப்புகள் கெடும் நிலை, வரப்போகிறது என்று மணியடிக்கும் ஒரு மாடல் அதில் உண்டு. 2021இல் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் அதைச் சுதந்திரமாகச் சோதித்தார்கள். செப்சிஸ் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேரை அது கோட்டை விட்டிருந்தது, ஆனால் தேவையில்லாத மணியை மட்டும் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. இப்படி அடித்தால் நர்ஸ் என்ன செய்வார்? முதலில் பதறுவார், அப்புறம் பார்ப்பார், அப்புறம் பார்க்காமலே அமுக்குவார்.

சரி, துல்லியமாகவே சொல்லிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் ஐந்து மருத்துவமனைகளில் 9,105 பேரைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு, சப்போர்ட் என்று பெயர், 1995இல் முடிவு வந்தது. அதன் இரண்டாம் பாதியில், பிழைப்பதற்கு என்ன வாய்ப்பு என்ற கணிப்பைக் கணினியில் போட்டு டாக்டர்கள் கையிலேயே கொடுத்தார்கள், குடும்பத்தோடு பேச ஒரு நர்ஸையும் தனியாக அமர்த்தினார்கள். எதுவும் மாறவில்லை. கடைசி நாட்களின் வலி குறையவில்லை, பேச்சுவார்த்தை முன்கூட்டி நடக்கவில்லை, ஐ.சி.யூ. நாட்கள் குறையவில்லை. எனக்கு இந்தத் துறையில் மறக்க முடியாத ஆய்வு இதுதான். நாங்கள் எல்லாரும் எண் இல்லாததுதான் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அதே ஆய்வின் டேட்டாவில் இன்னொன்றும் தெரிந்தது: மாடலும் டாக்டரும் தனித்தனியாகச் சொன்னதைவிட இரண்டையும் சேர்த்தால் கணிப்பு இன்னும் சரியாக வந்தது. உங்கள் ஏ.ஐ.க்கு நான் எதிரி இல்லை, பக்கத்து நாற்காலியில் உட்காரட்டும்.

டாக்டர் எவ்வளவு மோசமாகச் சொன்னாலும் எங்கள் பெரியம்மா ‘அவன் வந்துடுவான்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். இது புரியாமையா?
வாசகி, தஞ்சாவூர்

பெரியம்மாவுக்கு நன்றாகவே புரிந்திருக்கும். சான் பிரான்சிஸ்கோவில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே நோயாளி பிழைக்கும் வாய்ப்பை டாக்டரிடமும் வீட்டாரிடமும் தனித்தனியாகக் கேட்டார்கள். பாதிக்கு மேல், 53 சதவீதத்தில், இரண்டுக்கும் நடுவே குறைந்தது 20 சதவீத இடைவெளி. ஏன் என்று வீட்டாரை விசாரித்தால் டாக்டர் சொன்னது புரியாதது ஒரு பகுதிதான். நம்பிக்கையாகப் பேசினால் அவருக்கு நல்லது, எங்கள் ஆள் சாதாரண ஆள் இல்லை, மேலே ஒருத்தன் இருக்கான், இப்படித்தான் பதில்கள். அமெரிக்கக்காரர்களும் நம் பெரியம்மா மாதிரிதான்! ‘வாயில நல்ல வார்த்தை வரட்டும்’ என்று எங்களைத் திட்டாத குடும்பம் உண்டா? டாக்டர் கணிப்பு கேட்கிறார், வீட்டார் வேண்டுதலைச் சொல்கிறார்கள்.

அம்மா 12 நாள் வென்டிலேட்டரில் இருந்து மீண்டார். நான்கு மாதம் ஆகிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துவிடுகிறார், பேரன் பெயர் வரவில்லை. வயதானால் அப்படித்தான் என்கிறார்கள். அம்மாவுக்கு 56தான்.
வாசகி, திருப்பூர்

வயது என்று விடாதீர்கள். ஐ.சி.யூ. ஆய்வுகள் வெகுகாலம் வரை 28 நாளில் உயிரோடு இருக்கிறாரா என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்டன, அதற்கப்புறம் வீட்டில் என்ன நடக்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அமெரிக்காவின் நாஷ்வில் நகர டாக்டர்கள் 821 பேரைச் சேர்த்து, பிழைத்தவர்களை வீடுவரை தொடர்ந்தார்கள், 2013இல் முடிவு வந்தது. மூன்றாம் மாதத்தில் நாலில் ஒருவருக்கு நினைவாற்றல் சோதனை, ஆரம்ப நிலை அல்சைமர் நோயாளியின் அளவில் இருந்தது. இளவயதினரும் தப்பவில்லை. ஐ.சி.யூ.வில் எத்தனை நாள் குழம்பிப் பேசினார்களோ அதற்கேற்பப் பின்னாளில் பாதிப்பும் கூடியது. இதற்கு முன்பே, 2003இல் டொரான்டோவில், நுரையீரல் கடுமையாகக் கெட்டுப் பிழைத்த 109 பேரைப் பின்தொடர்ந்தபோது, ஒரு வருடம் கழித்து வேலைக்குத் திரும்பியவர்கள் பாதிப் பேர்தான். நுரையீரல் பெருமளவு தேறிவிட்டது, தசைதான் கரைந்து போயிருந்தது.

அம்மாவை நரம்பியல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள், தைராய்டும் பி12ம் பார்க்கச் சொல்லுங்கள், இயன்முறை மருத்துவரிடமும் கேளுங்கள். அடுப்பில் பால் வைக்கும் வேலையை அவரிடமிருந்து பிடுங்கிவிடாதீர்கள், பக்கத்தில் நில்லுங்கள். அவர் ஐ.சி.யூ.வில் பூச்சி ஊர்வதாகவோ யாரோ கட்டிப்போட்டதாகவோ சொல்வாரானால் கிண்டல் செய்யாமல் கேளுங்கள். அவருக்கு அது நடந்தது.

ஆராய்ச்சிக்கு என்று கணவர் சார்பில் என்னிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள். சோதனை எலி ஆக்கிவிடுவார்களா?
வாசகி, காஞ்சிபுரம்

எந்த வகை ஆய்வு என்று முதலில் கேளுங்கள். அவருடைய ரிப்போர்ட் எண்களை மட்டும் எடுத்துக்கொள்வதா, புது மருந்தோ முறையோ கொடுத்துப் பார்ப்பதா? நான் மேலே சொன்ன ஸ்கோர் எல்லாம் முதல் வகையில் வந்தவை. இரண்டாம் வகை என்றால் தகவல் தாளைத் தமிழில் கேட்டு வாங்கி, வீட்டில் நாலு பேரோடு படித்துவிட்டுச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் சிகிச்சை குறையக் கூடாது, நடுவில் வேண்டாம் என்றாலும் விட்டுவிட வேண்டும், அது உங்கள் உரிமை.

டாக்டர் வெளியே வந்தால் ஐந்து நிமிடம்தான் கிடைக்கிறது. என்ன கேட்க வேண்டும்?
வாசகர், நாகர்கோவில்

‘எத்தனை சதவீதம்’ என்று கேட்காதீர்கள். நேற்றைக்கு இன்று எப்படி என்று கேளுங்கள். எந்த உறுப்பு தேறுகிறது, எது பின்னால் போகிறது, பிழைத்தால் அவர் எப்படி இருப்பார், எழுந்து நடப்பாரா, எங்களை அடையாளம் தெரியுமா? அப்புறம் நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு, பெரும்பாலும் எங்களுக்கு அது கிடைப்பதே இல்லை. நோய் வருவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னால் அவர் எப்படி இருந்தார்?

கனடாவின் ஹாலிஃபாக்ஸில் கென்னத் ராக்வுட் என்ற முதியோர் மருத்துவர் 2005இல் ஒரு அளவுகோல் வெளியிட்டார். ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது, திடகாத்திரமாக இருந்தாரா, மெதுவாகிவிட்டாரா, குளிக்க ஆள் வேண்டுமா என்று பார்ப்பதுதான், இப்போது ஒன்றிலிருந்து ஒன்பது வரை படிகள். ஐரோப்பிய ஐ.சி.யூ.க்களில் சேர்ந்த, 80 வயதும் அதற்கு மேலும் ஆன 5,021 பேரை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டபோது, மற்ற எல்லாவற்றையும் கழித்த பிறகும், ஏற்கெனவே தளர்ந்திருந்தவர்கள் ஒரு மாதத்துக்குள் இறப்பது அதிகமாகவே இருந்தது. ஒரே வயது, ஒரே ஸ்கோர் உள்ள இரண்டு பேரைப் பிரித்துக் காட்டுவது பல சமயம் இந்தத் தகவல்தான்.

போன மாதம் ஒரு பெரியவருக்கு இதைக் கேட்டேன். வெளிநாட்டிலிருந்து வந்திறங்கிய மகன், சட்டைப் பையில் போர்டிங் பாஸ் இன்னும் இருந்தது, ‘அப்பா ரொம்ப ஆக்டிவ் டாக்டர், டெய்லி வாக்கிங் போவார்’ என்றார். பின்னால் ஃபிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்ற மருமகள் ஒன்றும் பேசவில்லை. மகன் ஃபார்மசிக்குப் போனதும் கிட்ட வந்து, ‘பொங்கலுக்கு அப்புறம் மாமா படியேறவே இல்லை சார், நாந்தான் குளிப்பாட்டி விடுறேன், அவங்ககிட்ட சொல்ல வேணாம்னு மாமாதான் சொன்னாங்க’ என்றார்.

கேஸ் ஷீட்டில் நான் மருமகள் சொன்னதை எழுதினேன்.

(டயாலிசிஸ் பற்றிய கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன, அவற்றுக்கு அடுத்த இதழில்.)